ஆறில்லா ஊரின் உத்தியோகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று சொல்லிப் பெருமைப்படுவோர் உண்டு. ஆடி மாதத்தில் அதன் நடுவே இறங்கி நின்றால் அந்தப் பெருமையும் வற்றிவிடும். கீழே சுண்ணக்கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. அதைக் கிணறு வெட்டி இறைத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள். அளவுக்கு மேல் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய நீர் இங்கே இருந்ததில்லை. சுண்ணக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டு 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைதான் பெயர் சொல்லக்கூடிய பெருந்தொழில். அதுவும் 1990 இல் போரோடு நின்றது.

விவசாயத்துக்கு நிலமும் நீரும் வேண்டும், கைத்தொழிலுக்கு மூலப்பொருளும் மின்சாரமும் வேண்டும், சேவைத்துறைக்கு மட்டும் ஆள் இருந்தால் போதும் என்றொரு நினைப்பு உண்டு. ஆசிரியருக்குக் கரும்பலகை, வைத்தியருக்கு ஓர் அறை, கணக்காளருக்கு மேசை. இவற்றை எங்கேயும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். குடாநாட்டின் கடந்த இருநூறு ஆண்டுகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தார் உத்தியோகத்துக்குப் போனது படிப்பின் மீதிருந்த பற்றினால்தான் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் கதை பாதி உண்மை. மண் தள்ளிவிட்டது என்பது மற்றப் பாதி. தள்ளப்பட்டவர் எந்தத் திசையில் போனார், என்ன வேலை செய்தார் என்பதை ஒவ்வொரு காலத்திலும் திறந்திருந்த பாதைகள் தீர்மானித்தன.

படிப்பு இங்கே வந்து சேர்ந்த விதத்திலும் புவியியல் இருக்கிறது. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வந்தபோது, பிரித்தானிய ஆட்சி அவர்களைத் தலைநகரத்துக்குத் தொலைவிலிருந்த வடக்கில் பணிசெய்ய விட்டது. அரசியற் கணக்கில் ஓரமாகக் கிடந்த இடம் யாழ்ப்பாணம். ஆனால் ஓரத்தில் கிடந்தாலும் ஊர்கள் நெருக்கமானவை. மூன்று நாலு மைல் நடந்தால் இன்னொரு கோயில், இன்னொரு சந்தை. பள்ளிக்கூடம் வைத்தால் பிள்ளைகள் நடந்தே வந்துவிடக்கூடிய தரை. வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினரியும், உடுவிலில் 1824 இல் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. 1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். ஆறுமுக நாவலர் வழிவந்த சைவக் கல்வி முயற்சிகள் மிஷன் பள்ளிகளோடு போட்டியிட்டதில் பள்ளிகள் இன்னும் பெருகின.

படித்தவர்கள் செய்ய இங்கே என்ன வேலை இருந்தது? மலைநாட்டில் கோப்பியும் பின்னர் தேயிலையும். கொழும்பில் துறைமுகம், ஏற்றுமதிக் கம்பனிகள், வங்கிகள், அரசாங்கத் தலைமைச் செயலகம். குடாநாட்டிலோ சில பரப்புத் தோட்டக்காணியும் ஒரு கச்சேரியும். ஒரு தகப்பனின் பத்துப் பரப்பு மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தால் ஒருவருக்கும் காணாது. சீதனமாகப் போனது போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. இந்தக் கணக்குத் தெரிந்த வீட்டில் ஆங்கிலப் படிப்பு ஒரு முதலீடு. கோழி மேய்த்தாலும் கவர்ண்மேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்மவர்கள் சொன்னது சோம்பலால் அல்ல. மழை பொய்த்தாலும் மாதச் சம்பளம் பொய்க்காது, ஓய்வு பெற்ற பிறகும் பென்சன் வரும். வறண்ட வலயத்து விவசாயிக்கு இதைவிட நல்ல காப்புறுதி வேறு கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் ரயில் பாதையும் அரசாங்க அலுவலகங்களும் விரிந்தபோது, ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞரும் நில அளவையாளரும் நிலைய அதிபரும் அங்கே தேவைப்பட்டார்கள். மலாயாவும் இலங்கையும் ஒரே ஆட்சியின் கீழ். ஆங்கிலம் ஒன்று, அலுவலக நடைமுறையும் ஒன்று. கோலாலம்பூரிலும் தைப்பிங்கிலும் சிரம்பானிலும் யாழ்ப்பாணத்தாரின் குடியிருப்புகள் உருவாயின. ஊருக்கு மணியோடர் வந்தது, பிறகு மலாயன் பென்சனியர்மாரும் வந்தார்கள். இன்றைய மொழியில் இதைச் சேவை ஏற்றுமதி என்போம். ஒரு வேறுபாடு உண்டு: ஏற்றுமதியானது சேவை மட்டுமல்ல, அதைச் செய்த ஆளும் சேர்ந்து போனார். வீட்டில் மிஞ்சியது அவர் அனுப்பிய பணமும், அந்தப் பணத்தில் எழும்பிய கல்வீடும், கோயிற் கோபுரமும், பள்ளிக்கூடக் கட்டடமும்.

கொழும்புப் பாதை 1905 இல் முழுமையாகத் திறந்தது. வடக்கு ரயில் பாதை அந்த ஆண்டு காங்கேசன்துறையைக் கொழும்போடு இணைத்தது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது கொழும்பில் கிளறிக்கல் சேவையில் இருந்தவர் விடுமுறைக்கு ஊர் வந்து போவது சாதாரண விடயமாகிவிட்டது. இதற்குச் சமாந்தரமாக இன்னொரு போக்கு நடந்தது. அதைக் கல்விப் பெருமை பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். புங்குடுதீவு, வேலணை, காரைநகர், ஊர்காவற்றுறை முதலிய தீவக ஊர்களில் தோட்ட மண் இன்னும் குறைவு, நன்னீர் இன்னும் குறைவு. அந்தத் தீவார் எழுதுகோலோடு அல்லாமல் தராசோடு தெற்கே போனார்கள். சிங்களப் பட்டினங்களின் சந்திகளிலெல்லாம் சுருட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்தார்கள். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்து மண் எழுதுவினைஞரை அனுப்பியது, தீவகத்து மண் வியாபாரியை அனுப்பியது என்று மேலோட்டமாகச் சொல்லலாம். முழுச் சரியில்லை என்றாலும் பெரிய பிழையும் இல்லை.

கடலோரத்தார் கதை வேறு. வல்வெட்டித்துறையும் ஊர்காவற்றுறையும் பாய்க்கப்பல்களின் துறைகள். நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் சரக்கேற்றி இறக்கிய கப்பலோட்டிகள் செய்ததும் சேவைத்தொழில்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பிறகு, ஊர் மாலுமிகளோடு புறப்பட்டு 1938 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் 1914 முதல் நீராவிக் கப்பல் இணைத்தது. எயார் சிலோன் 1947 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தபோது இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. அன்றைய வரைபடத்தில் குடாநாடு நாட்டின் மூலையில் இருக்கவில்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கடவுச்சீட்டும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் வந்தன. தூரம் ஓர் அங்குலமும் கூடவில்லை, ஆனால் அதே கடல் எல்லையாகிவிட்டது. நேற்றுவரை வியாபாரம் என்று இருந்தது சட்டப் புத்தகத்தில் கள்ளக்கடத்தல் ஆயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றது.

தெற்குப் பாதையும் ஒவ்வொரு படியாக ஒடுங்கியது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அரச உத்தியோகத்தின் வாசலைக் குறுக்கியது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலைக் குறுக்கியது. 1958 இலும் 1983 இலும் தமிழருக்கு எதிரான வன்முறையில் தெற்கிலிருந்த கடைகள் எரிந்தன. மண் மாறவில்லை, மழை மாறவில்லை, மாறியது பாதை. புவியியலைத் தலைவிதியாக எடுத்துக்கொள்வோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

இனிக் குடாநாட்டுக்கு உள்ளே. ஜெர்மன் புவியியலாளர் வால்ரர் கிறிஸ்ராலர் 1933 இல் மைய இடக் கோட்பாட்டை எழுதியபோது, மலையும் ஆறும் குறுக்கிடாத, எங்கும் ஒரேமாதிரி மக்கள் வாழும் ஒரு சமவெளியைக் கற்பனை செய்துகொண்டார். அப்படிப்பட்ட தரையில் சிறு சந்தைகள் நெருக்கமாகவும், பெரிய நகரங்கள் தொலைவாகவும், அறுகோண ஒழுங்கில் அமையும் என்பது அவர் கணக்கு. உலகில் அப்படி ஒரு தரை அரிது. வலிகாமம் அதற்குக் கிட்ட வரும். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் என்று சில கிலோமீற்றருக்கு ஒரு சந்தை. வடமராட்சியில் நெல்லியடி, தென்மராட்சியில் சாவகச்சேரி, கொடிகாமம். ஒவ்வொரு சந்தையைச் சுற்றியும் சங்கக்கடை, வங்கிக் கிளை, ரியூசன் கொட்டில், பல் வைத்தியர், நகை அடைவுகடை. தோட்டச் சாமானும் ஆட்களுமாக ஏற்றிக்கொண்டு கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவான் இந்த நெருக்கமான ஊர்களுக்கென்றே பிறந்த வாகனம்.

கணக்குப் பிசகும் இடம் யாழ்ப்பாணப் பட்டினம். கோட்பாட்டின்படி பெரிய நகரம் நடுவில் இருக்க வேண்டும். இதுவோ தென்மேற்கு ஓரத்தில், பண்ணைக் கடல்நீரேரியின் கரையில் கிடக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டையைத் தோட்டக்காரனுக்காகக் கட்டவில்லை, கப்பலுக்காகக் கட்டினார்கள். காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி என்று எல்லாம் விசிறியின் ஓலைகளைப் போல அந்த மூலையில் வந்து சேருகின்றன. நீதிமன்றமும் பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான். அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் 1850 இல் தொடங்கிய வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலை. முல்லைத்தீவு நோயாளியும் நெடுந்தீவு நோயாளியும் பெரிய சிகிச்சைக்கு அங்கேதான் வர வேண்டும். கோட்டைக்காகத் தெரிந்தெடுத்த இடத்துக்கு இன்றைய நோயாளியும் பஸ் காசு கொடுக்கிறார்.

குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவு ஒடுங்கிய கழுத்து. 1990 இல் அந்தக் கழுத்து அடைபட்டபோது சேவைத்துறை எப்படி உருமாறும் என்பதைக் குடாநாடு உலகத்துக்குக் காட்டியது. அப்படிக் காட்ட நேர்ந்தது நமது விருப்பத்தால் அல்ல. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோல் தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 உம் வாடகைக்கு வந்தன. அவற்றை ஓடவைத்த கராஜ்காரர்தான் அன்றைய பொறியியலாளர். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டார்கள். 1990களின் முதற்பாதியில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடப்பது, உயிரைப் பணயம் வைத்துச் செய்த பிரயாணச் சேவை. அதில் இறந்தவர்கள் பலர். வவுனியாவிலும் கொழும்பிலும் லொட்ஜுகள் பெருகின. அங்கே தங்கியவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர்; பயண அனுமதிப் பாஸுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்கள். வெளிநாட்டுப் பணம் உண்டியல்காரர் கையால் வந்தது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியபோது, காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையே ஆட்களைக் கப்பலில் ஏற்ற வேண்டியதாயிற்று.

இந்தக் காலத்தில் நடந்த ஓர் இழப்புக்குப் புவியியல் எந்த வகையிலும் காரணமில்லை. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகதெருவோடு தையற்கடைகளும் இரும்புக்கடைகளும் லொறிப் போக்குவரத்தும் பழைய இரும்பு வியாபாரமும் போயின. பட்டினத்தின் சேவைத்துறையிலிருந்து ஒரு முழு அடுக்கை மனிதரே பிடுங்கி எறிந்தார்கள். அதேபோல, பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக இருந்தும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவை ஒரே காலத்தில் திறக்கவில்லை. சவரம், சலவை போன்ற சேவைகளைச் சாதிக்குரிய குடிமையாக வைத்திருந்த சமூகம் இது. உத்தியோகப் பாதை யாருக்குத் திறந்தது என்று கேட்டால் சுண்ணக்கல் பதில் சொல்லாது.

போர் 2009 இல் முடிந்தது. 1981 இல் ஏறத்தாழ 7.38 இலட்சமாக இருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5.83 இலட்சம். மற்றவர்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும். ஏ9 மறுபடி திறந்ததும் முதலில் வந்தவை வங்கிகளும் லீசிங் கம்பனிகளும். பின்னால் சுப்பர்மார்க்கெற், 2013 இல் கார்கில்ஸ் சதுக்கம், ஹோட்டல்கள். சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்து பூநகரி வழியாக மன்னாருக்கும் கொழும்புக்கும் இன்னொரு பாதை தந்தது. ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பியது. பார்க்க எல்லாம் வளர்ச்சி. ஆனால் திறந்த பாதையால் இரண்டு பக்கமும் போகலாம். புதிய நிறுவனங்களின் தலைமையகம் கொழும்பில். இங்கே இருப்பது கிளை. கிளையில் காசாளர் இருப்பார், தீர்மானம் எடுப்பவர் இருக்கமாட்டார். வட மாகாணத்தின் பங்கு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நாலைந்து சதவீதத்துக்குள்தான் நிற்கிறது. உற்பத்தி இல்லாத இடத்தில் கடன்சேவை மட்டும் பெருகினால் என்ன நடக்கும் என்பதற்கு, 2018 இல் பெண்கள் பெற்ற நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியிருந்தது சாட்சி.

புலம்பெயர்ந்தோரின் பணமும் சேவைத்துறைக்குள்தான் இறங்குகிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளி விடுமுறைக் காலமும், நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவும் ஓகஸ்டில் வந்து பொருந்துகின்றன. அந்த மாதத்தில் கல்யாண மண்டபம், வாடகை வான், சாப்பாட்டு ஓடர், நகைக்கடை, வீடியோ என்று எதற்கும் ஆள் பிடிக்க முடியாது. கார்த்திகையில் அதே மண்டபம் வெறுமையாகக் கிடக்கும். ஓட்டாவாவின் பாடசாலை நாட்காட்டி கோண்டாவில் சமையற்காரரின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. இந்தப் பணம் மலாயா மணியோடரின் பேரப்பிள்ளை. கேரளத்தின் வளைகுடாப் பணமும் இவ்வாறே வீட்டிலும் கல்யாணத்திலும் போனது உண்மை. ஆனால் கேரளத்துக்குச் சர்வதேச விமான நிலையங்கள் நான்கு. நமக்கு இருப்பது பலாலி ஒன்று, அதன் ஓடுபாதையில் இறங்குவது சிறிய ஏரிஆர் வகை விமானம்.

அந்தப் பலாலி நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. அடுத்த ஆண்டு பெருந்தொற்றில் சேவை நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் மீண்டும் வந்தது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்றது, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. வாடைக்காற்றுக் காலத்தில் அது நிற்பது எதிர்பார்க்க வேண்டியதே. பாய்க்கப்பல்காரரும் அந்த மாதங்களில் கப்பலைக் கட்டித்தான் வைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு எப்போது நிற்கும், எப்போது மீண்டும் ஓடும் என்று தெரிந்திருந்தது. இன்றைய வியாபாரிக்கு அது தெரிவதில்லை. சென்னைக்கு மருத்துவத்துக்குப் போகிறவரும், திருச்சியிலிருந்து சரக்கு எடுக்கிறவரும் கேட்பது வேகத்தை அல்ல, நிச்சயத்தை.

நீர்ப் பிரச்சினையும் தீர்ந்துவிடவில்லை. தாழையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது. அது வீடுகளுக்குப் போகட்டும். சுற்றுலாவை நம்பி அறைக்கு அறை குளிப்புத்தொட்டி வைத்து ஹோட்டல் கட்டுகிறவர்கள், தங்கள் கிணற்றின் அடியில் உவர்நீர் காத்திருப்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

தூரத்தின் விலையை உண்மையாகவே குறைத்தது இணையம். யாழ் ஐரி ஹப் போன்ற முயற்சிகள் 2010களின் தொடக்கத்தில் இளைஞரை மென்பொருள் பக்கம் திருப்பின. இன்று திருநெல்வேலியில் ஒரு மாடி அறையில் இருந்து லண்டன் நிறுவனத்துக்கு நிரல் எழுதுவது புதுமை இல்லை. முதன்முறையாக ஆள் ஊரில் இருக்க, சேவை மட்டும் கடல் கடக்கிறது. நேர வலயம் மட்டும் விடாது: அங்கே குளிர்காலத்தில் லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணித்தியாலம், ரொறன்ரோவுக்குப் பத்தரை. லண்டன் வேலை மாலையோடு பொருந்திவிடும், ரொறன்ரோ வேலை நித்திரையைக் கேட்கும். இரவு ஒன்பதுக்குப் பிறகு பஸ் ஓடாத ஊரில் இரவு வேலைக்குப் பெண்கள் எப்படிப் போய்வருவார்கள் என்பதை இதற்கான திட்டம் போடுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை.

பாதை அடைபட்டால் சேவையும் நிற்கும் என்பதற்கு எல்லாவற்றிலும் கடுமையான உதாரணம் நெடுந்தீவு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து குமுதினிப் படகிலோ வடதாரகைப் படகிலோ ஏறினால் ஒரு மணித்தியாலமளவு கடல். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. படகு இல்லையென்றால் ஆசிரியர் இல்லை, வங்கி அலுவலர் இல்லை, பிரசவ வலி கண்டவருக்கு யாழ்ப்பாணம் இல்லை. நியமனம் கிடைத்த நாளிலிருந்தே இடமாற்றம் கேட்கும் உத்தியோகத்தரைக் குறைசொல்லிப் பயனில்லை. தங்க வீடும் ஒழுங்கான படகும் கொடுத்துவிட்டுக் குறைசொல்லலாம். கொழும்பு யாழ்ப்பாணத்தைத் தூரத்து மூலையாக நடத்துகிறது என்று கோபப்படும் நாம், யாழ்ப்பாணம் நெடுந்தீவை எப்படி நடத்துகிறது என்றும் பார்க்க வேண்டும்.

காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 61.5 மில்லியன் டொலரைக் கொடையாகத் தர இணங்கியிருக்கிறது. பலாலி ஓடுபாதையை நீட்டும் பேச்சும் நடக்கிறது. இவற்றோடு மாகாண நிர்வாகமும் கொழும்பும் இரண்டு சிறிய வேலைகளையும் சேர்த்துச் செய்யட்டும்: நாகபட்டினக் கப்பல் ஓடும் மாதங்களையும் நிற்கும் மாதங்களையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கட்டும்; குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வாடையிலும் ஓடக்கூடிய ஒரு படகைக் கொடுக்கட்டும்.